கடல் படிக்க எங்கே போவது?

கேள்வி: வகுப்புத் தோழி படிப்புப் பயணமாக ஸ்பெயின் கடற்கரைக்குப் போகிறாள். கடலைப் படிக்க நான் எங்கே போவது?
– கல்லூரி மாணவி, தாராவி, மும்பை

பதில்: சிவ்ரிக்குப் போம்மா! விசா வேண்டாம், ஹார்பர் லைன் டிக்கெட் போதும். ஜி.டி.பி. நகரில் ஏறினால் அடுத்தது வடாலா, அதற்கடுத்தது சிவ்ரி. ஸ்பெயினின் எப்ரோ கழிமுகத்தில் வாழும் அதே பெரும் பூநாரை இங்கேயும் வருகிறது. கூடவே சிறு பூநாரைகள் ஆயிரக்கணக்கில். அவை இரை தேடும் தாணே கழியின் சரணாலயம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. எப்ரோவும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

கடல் வற்றும் நேரம் பார்த்துப் போ. பூநாரை அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றுநீரைச் சலிப்பது தெரியும். கரையோர வெண்கண்டல் இலையின் அடிப்பக்கத்தைத் தொட்டு நாவில் வை. மரம் வெளியேற்றிய உப்பு கரிக்கும். உங்கள் தாராவியை ஒட்டிய மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவையும் விட்டுவிடாதே. குப்பைமேடாக இருந்த இடம், 1994இல் காடாகத் திறக்கப்பட்டது.

தோழி வந்ததும் இருவர் குறிப்பேட்டையும் ஒப்பிடுங்கள். அவள் ஒருமுறை பார்த்து வருவாள்; நீ மாதாமாதம் போய்ப் பதிவு செய்யலாம். ஆராய்ச்சிக்கு அதுதான் பலம்.