பங்க் பில்லில் வராத கணக்கு

உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை இறங்கிவிட்டதாகச் செய்தி வருகிறது. எங்கள் ஊர் பங்க்கில் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறதே?
– வாசகர், ஆலங்குடி

இறங்குகிற வழியிலேயே வரி மறித்துக்கொள்கிறது. 2014 ஜூனில் பீப்பாய் 110 டாலரைத் தாண்டியிருந்த கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. அந்தச் சரிவுக்குள் மத்திய கலால் வரியை 9 முறை ஏற்றினார்கள். பெட்ரோலுக்கு லிட்டருக்கு 9.48 ரூபாயாக இருந்த வரி 21.48 ஆனது, டீசலுக்கு 3.56 ரூபாய் 17.33 ஆனது. கொரோனா காலத்தில் எண்ணெய் மறுபடி விழுந்தபோதும் அப்படித்தான். 2020 மே மாதம் ஒரே அறிவிப்பில் பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ரூபாய் ஏற்றம்.

சென்னையைவிட நம் மாவட்டத்தில் சில பைசா கூடுதல். காரைக்காலிலோ குறைவு. ஏன்?
– வாசகர், திருமயம்

தமிழ்நாடு முழுக்க வரி ஒன்றுதான், தூரம்தான் வேறு. டேங்கர் லாரி ஓடிவரும் வாடகையும் விலையில் சேரும். காரைக்காலில் புதுச்சேரி அரசின் வரி குறைவு. எண்ணெய் அதே எண்ணெய்தான்.

வரியில் பெரிய பங்கு யாருக்கு?
– வாசகர், பொன்னமராவதி

2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு பெட்ரோல் மீதான மத்திய கலால் 19.90 ரூபாயாக இருந்தது. அதில் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளும் அடிப்படைக் கலால் வெறும் 1.40. மீதி 18.50 ரூபாய் செஸ், கூடுதல் கலால் என்ற பெயர்களில் மத்திய அரசிடமே நின்றது. அதற்காக மாநிலத்தை விட்டுவிட முடியாது. தமிழ்நாட்டின் வாட் வரியில் ஒரு பகுதி சதவீதம். விலை ஏறினால் அதுவும் கூடவே ஏறும். 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்த மாநில அரசு, அப்போது டீசலைத் தொடவில்லை.

என்னிடம் பைக்கும் இல்லை, காரும் இல்லை. விலை ஏறினால் எனக்கென்ன?
– வாசகர், கறம்பக்குடி

கீரமங்கலம் பூச்சந்தைக்கு ஒரு விடியற்காலை போய்ப் பாருங்கள். பூ மூட்டை லோடு ஆட்டோவில் வந்து இறங்கும். அந்தப் பூ விளைந்த கொல்லையை உழுததும் டிராக்டர்தான். டீசல் ஏறினால் உழவுக் கூலி ஏறும், வண்டி வாடகை ஏறும். அதற்காக விவசாயிக்குக் கிடைக்கும் பூ விலை ஏறாது. 2018 நவம்பரில் கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டபோது, ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டரைத்தான் தேடினோம். அன்று நீங்கள் குடித்த தண்ணீரிலும் டீசல் விலை இருந்தது.

படகுக்கு மானிய டீசல் கிடைக்கிறதே, மீனவர்களுக்கு இன்னும் என்ன குறை?
– வாசகர், கோட்டைப்பட்டினம்

விலக்கு மாநில விற்பனை வரிக்கு மட்டும்தான். 2023-இல் விசைப்படகுக்கான அளவு ஆண்டுக்கு 18,000 லிட்டரிலிருந்து 19,000 ஆக உயர்ந்தது நல்ல காரியம். ஆனால் மத்திய கலால் அப்படியே நிற்கிறது. வலையில் மீன் விழுந்தாலும் விழாவிட்டாலும் எரிந்த டீசல் எரிந்ததுதான். கடலுக்குள் ஓடும் படகிடம் சாலைக்கான செஸ் வாங்குவது நியாயமே இல்லை.

எங்கள் மண்ணில் எண்ணெய் எடுக்க விட்டிருந்தால் பெட்ரோல் மலிவாகியிருக்கும் என்கிறார் ஒருவர்.
– வாசகர், நெடுவாசல்

ஒரு பைசா குறைந்திருக்காது. உள்நாட்டில் எடுக்கும் கச்சா எண்ணெய்க்கும் உலகச் சந்தையை ஒட்டித்தான் விலை. 2017-இல் அதை எதிர்த்து நீங்கள் உட்கார்ந்து போராடியது வீண்போகவில்லை. 2020-இல் வந்த சிறப்பு வேளாண் மண்டலச் சட்டத்தில் கறம்பக்குடி, திருவரங்குளம், அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி வட்டாரங்கள் இடம்பெற்றன. நிலம் மிஞ்சியதே லாபம்.

தினமும் விலை மாறும் என்றார்களே?
– வாசகர், இலுப்பூர்

2017 ஜூன் 16 முதல் அதுதான் ஏற்பாடு. ஆனால் 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 2022 மார்ச் 21 வரை நான்கு மாதத்துக்கும் மேல் விலை அசையவில்லை. உத்தரப் பிரதேசம் உட்பட 5 மாநிலத் தேர்தல் முடிந்ததும், மார்ச் 22 தொடங்கி 16 நாளில் 14 முறை ஏறியது. லிட்டருக்கு 10 ரூபாய். காரணத்தைக் காலண்டரே சொல்லும்.

ஜிஎஸ்டிக்குள் வந்தால் தீருமா?
– வாசகர், கீரனூர்

அரசியல் சட்டத்தில் அதற்கு இடம் வைத்தாயிற்று. தேதி சொல்ல வேண்டியது ஜிஎஸ்டி கவுன்சில். 2021 செப்டம்பர் 17-இல் லக்னோவில் கூடியபோது ‘இப்போது வேண்டாம்’ என்றது. பாலும் வேண்டும், மடியும் கனக்க வேண்டும் என்றால் எப்படி?

அதிகாரம் உங்கள் கையில் இருந்தால் என்ன செய்வீர்கள்?
– வாசகர், அறந்தாங்கி

இரண்டு காரியம். ஒன்று, நம் கண்மாய் முறை. எண்ணெய் மலிந்த காலத்தில் கஜானா நிரம்பட்டும். விலை ஏறினால் யாரும் கேட்காமலே மடை திறக்க வேண்டும். முதலில் டீசல் மடை. இரண்டு, ஓட்டலில் சாப்பிட்டால் பில்லில் வரி தனியாக வருகிறது. பங்க் பில்லில் லிட்டரும் விலையும் தொகையும்தான் வருகின்றன. அங்கேயும் எண்ணெய் விலை, மத்திய வரி, மாநில வரி, டீலர் கமிஷன் என்று நான்கு வரிசையாக அச்சாகட்டும். அடுத்த முறை ஆலங்குடி வாசகர் எனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்காது. சட்டைப் பையில் இருக்கும் பில்லே பதில் சொல்லிவிடும்.