சங்கு ஊதுது, நீ எங்கலே போறே?

ஏலே பேராண்டி, அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்குப் போறியாம்லா? நல்லது. விசா குத்தியாச்சு. பெட்டியைத் தூக்கித் தூக்கி எடை பாத்து உங்கம்மைக்கு முதுகு பிடிச்சுக்கிட்டு. பருப்புப்பொடி வச்சாச்சா? வச்சாச்சு. ஊறுகாய்? அதுவும் ஆச்சு. அங்கன போய் இறங்குன நாலாம் நா உன் செல்போன் கொலைகாரக் கத்து கத்தும். அதுக்கு என்னத்தை வச்சிருக்கே?

முழிக்காதே. நான் அங்கன மகன் வீட்டுக்குப் போயிருந்தப்ப எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துத் தெரு. எனக்கு என்ன வேலை? வாசல்ல உக்காந்து வேடிக்கை பாக்கதுதான். ஒருநா நட்ட நடுப்பகல்ல சங்கு ஊதுச்சு பாரு, வேட்டி அவுந்தது தெரியாம எந்திரிச்சு நின்னேன். எம் பேரன் சிரிக்கான். "தாத்தா, இது டெஸ்ட்டு." சங்கு மட்டுமா? மெயில்ல ஒண்ணு, மெசேஜ்ல ஒண்ணு, கம்ப்யூட்டர் திரையில ஒண்ணு, வகுப்பறைச் சுவத்துப் பெட்டியில ஒண்ணு. எல்லாமாச் சேந்து என்ன சொல்லுதுன்னா, "இது சோதனை, நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்." ஒண்ணும் செய்ய வேண்டாம்ங்கதைச் சொல்ல எத்தனை வாய் வேணும் பாத்தியா?

ஆனா ஒண்ணு. இந்தக் கூத்து சும்மா வந்ததில்லை.

1986-ல பென்சில்வேனியாவுல லீஹை பல்கலைக்கழகம். ஜீன் கிளெரின்னு 19 வயசுப் பிள்ளையை, விடுதி அறைக்குள்ள வச்சே கூடப் படிக்கிற ஒருத்தன் கொன்னுட்டான். அந்த விடுதிக்குத் தானாப் பூட்டிக்கிடுற கதவு. ஒண்ணில்லை, அடுத்தடுத்து. அத்தனையும் அன்னைக்கு ராத்திரி திறந்து கிடந்திருக்கு. கூட்டாளிமார் வந்துபோகத் தோதா இருக்கட்டும்னு பிள்ளைங்க பீட்சா டப்பாவைச் செருகி வச்சிருந்திருக்காங்க. பெத்தவங்க விடலை. கோர்ட்டுக்குப் போனாங்க, சட்டசபைக்குப் போனாங்க. 1990-ல சட்டமே வந்துட்டு. கிளெரி சட்டம்ம்பாங்க. வளாகத்துல என்னென்ன குத்தம் நடந்ததுன்னு வருசா வருசம் கணக்குச் சொல்லணும். ஆபத்து இன்னும் இருக்குன்னா பிள்ளைங்களை எச்சரிக்கணும். கல்லூரிக்காரன் பேரு கெட்டுப்போகும்னு வாயைப் பொத்திக்கிட்டு இருக்க முடியாது.

சரி, சட்டம் வந்துட்டு. சேதி வந்துதா?

2007 ஏப்ரல் 16. வர்ஜீனியா டெக். காலையில 7.15 வாக்குல விடுதியில ரெண்டு பேரைச் சுட்டுட்டு ஒருத்தன் போயிட்டான். போலீசு வந்தாச்சு. இது ஏதோ காதல் தகராறுன்னு நினைச்சு, செத்த பிள்ளையோட சிநேகிதனைத் தேடிப் போயிட்டாங்க. அந்தப் பக்கம் பெரிய அதிகாரிங்க கூடி உக்காந்தாச்சு. அவங்களைக் கேக்காம வளாகப் போலீசு தானா ஒரு சேதி அனுப்பக்கூட வசதி இல்லை. கடைசியா 9.26-க்கு ஒரு மெயில் கிளம்புச்சு. என்னன்னு? விடுதியில் துப்பாக்கிச் சூடு நடந்துள்ளது, எச்சரிக்கையாக இருங்கள். சரிப்பா, சுட்டவன் எங்க? பிடிபட்டானா? திரியுதானா? அதைப்பத்தி மூச்சு இல்லை. பிள்ளைங்க பாட்டுக்கு வகுப்புல இருந்துச்சு. 9.40 வாக்குல அவன் நாரிஸ் ஹாலுக்குள்ள நுழைஞ்சு இன்னும் 30 பேரைக் கொன்னான்.

9.50-க்கு வந்த மெயிலைக் கேளு. துப்பாக்கியோட ஒருத்தன் வளாகத்துல திரியுதான், கட்டடத்தை விட்டு வராதீங்க, சன்னல் பக்கம் நிக்காதீங்க. இதுதாம்லே சேதி. இதை எழுத எத்தனை நேரம் ஆகும்? எழுதத் தெரியாமலா இருந்தாங்க? எழுதிட்டா ஆமாம்னு ஆயிருமேங்கிற பயம். படிச்சவனுக்கு எப்பவும் அதுதான் நோய். தப்பாச் சொல்லிட்டா என்ன செய்யன்னு யோசிப்பான். சொல்லாம விட்டா என்ன ஆகும்னு யோசிக்க மாட்டான்.

நம்ம ஊர்த் தண்டோராக்காரரை உங்கப்பனுக்குத் தெரியும். மைக்கு கிடையாது, கமிட்டி கிடையாது. "நாளைக்குக் காலையில மதகு திறக்காங்க, ஓடைப் பக்கம் ஆடு பத்தாதீக." முடிஞ்சுது. என்ன நடக்கு, எங்க நடக்கு, நீ என்ன செய்யணும். மூணும் ஒரே மூச்சுல. 2022-ல தண்டோரா போடக் கூடாதுன்னு சர்க்கார் நிறுத்திட்டுது. நிறுத்தினது சரிதான், சாதியைச் சொல்லி ஒருத்தர் தோள்ல மாட்டுன பறை அது. ஆனா அவர் பேசுன லட்சணத்தையும் சேத்தா நிறுத்தச் சொன்னாங்க?

வர்ஜீனியாவுக்குப் பிறகு 2008-ல சட்டத்தை இறுக்கினாங்க. ஆபத்துன்னு உறுதியானா தாமதம் கூடாது, உடனே சொல்லணும். வருசத்துக்கு ஒருதரமாவது சோதிச்சும் பாக்கணும். சொன்னா சொன்னதுதான், அடுத்த கோடிக்குப் போயிட்டாங்க. குழாய் உடைஞ்சா சேதி. கரண்டு போனா சேதி. பனி விழுந்தா சேதி, விழலைன்னா அதுக்கும் ஒண்ணு. சந்தேகத்துக்குரிய நபர் ஒருவர், நடுத்தர உயரம், கறுப்பு மேல்சட்டைன்னு ஒரு சேதி வரும். ஏலே, குளிர்காலத்துல அந்த ஊர்ல பாதிப்பேரு அப்படித்தாம்லே இருப்பான்! நூலகத்துல போய்ப் பாரு, வரிசையா உக்காந்திருப்பான். இதுல ஒரு பொல்லாப்பும் உண்டு. இந்த மாதிரி மொட்டையா ஆளோட தோல் நிறத்தையும் சேத்துச் சொல்லப்போய், கறுப்பினப் பிள்ளைங்க ராத்திரி விடுதிக்கு நடந்து போனாலே ஊரு உத்துப் பாக்க ஆரம்பிச்சுட்டு. மின்னசோட்டா பல்கலைக்கழகம் 2015-ல யோசிச்சு, ஆளை அடையாளம் காட்டப் போதுமான விவரம் இருந்தாத்தான் நிறத்தையும் இனத்தையும் சொல்லுவோம்னு முடிவு பண்ணிச்சு. அதுக்கே அத்தனை வருசம் ஆச்சு.

பிள்ளைங்க என்ன செய்யும்? பெருவிரலால தள்ளிவிட்டுட்டு டீ குடிக்கப் போயிரும்.

தப்புன்னாலும் நல்ல தப்பு ஒண்ணு உண்டு, கேட்டியா? 2016 நவம்பர் 28, ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம். ஒருத்தன் காரைக் கூட்டத்துக்குள்ள ஏத்தி, இறங்கிக் கத்தியால வெட்டினான். கொஞ்ச நேரத்துல சேதி பறந்துட்டு. துப்பாக்கிக்காரன் வளாகத்தில், ஓடு, ஒளி, எதிர்த்து அடி, வாட்ஸ் ஹால். அவன்கிட்டத் துப்பாக்கியே இல்லை. சுட்டது ஒரு போலீசுக்காரர், அவனைத்தான் சுட்டார். இருந்தா என்ன? இடம் சரி, செய்ய வேண்டியது சரி. கத்தியா துப்பாக்கியான்னு ஆற அமர ஆராஞ்சுக்கிட்டு உக்காந்தா, வர்ஜீனியா மாதிரி ஆயிரும்.

உடனே நீ, அப்ப முந்திச் சொல்லுதவன்தான் கெட்டிக்காரனாம்பே. பொறு. 2018 சனவரி 13, ஹவாய். காலை 8.07-க்கு ஊரு முழுக்கப் போன் அலறுது. ஏவுகணை வருது, ஒதுங்குங்க, இது ஒத்திகை இல்லை. மனோவாவுல பல்கலைக்கழகப் பிள்ளைங்க தலைதெறிக்க ஓடுது. ஏவுகணையும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. வேலை மாறுற நேரத்துல நடந்த ஒத்திகையை நிசம்னு நம்பி ஒருத்தர் அனுப்பிட்டார். போகட்டும், மனுசன்தானே. அதை இல்லைன்னு சொல்லி போனுக்கு அடுத்த சேதி வர எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? 38 நிமிசம். பொய்யின்னு சொல்ல ஒரு வாசகம் தயாரா எழுதி வைக்கலை. ஆளுநருக்கு ரெண்டே நிமிசத்துல விசயம் தெரிஞ்சுட்டு. அவரு டுவிட்டர்ல போட இன்னும் 15 நிமிசம். ஏன்? பாஸ்வேர்டு தெரியாதாம்! அவரே ஒத்துக்கிட்டார். ஏவுகணையை நடுவானத்துல தடுக்கத் தெரிஞ்ச நாடுலே அது.

ஆக, நீ போன உடனே செய்ய வேண்டியதைக் கேளு. அந்த ஊர் சிம்மு வாங்குன அன்னைக்கே கல்லூரிச் சேதிக்கு உன் நம்பரைக் குடு. இந்தியா நம்பரைக் குடுத்துட்டுச் சேதி வரலை, சேதி வரலைன்னு உக்காந்திருக்காதே. நீ நடந்துபோற வழியில உச்சியில நீல விளக்கு எரியிற கம்பம் நிக்கும், அதுல ஒரு பொத்தானும் இருக்கும். அமுக்கினா போலீசு பேசும். எல்லார் கையிலயும் செல்போன் இருக்கேன்னு சில வளாகத்துல அதைப் பிடுங்கிட்டாங்க. உன் போனு எப்பவும் ரெண்டு சதம் சார்ஜ்ல கிடக்கு, உனக்கு அந்தக் கம்பம் வேணும். சும்மா அமுக்கிப் படம் எடுத்துப் போட்டுராதே. "உள்ளேயே இருங்கள்"னு சேதி வந்தா, என்ன நடக்குன்னு எட்டிப் பாக்கப் போகாதே. உனக்கு அந்தப் புத்தி உண்டு, எனக்குத் தெரியும். ஓடு, ஒளி, அடிங்கதுல அடிங்கது கடைசி. நம்ம ஊர்ப் படம் பாத்துட்டு அதை முதல்ல எடுத்துக்காதே. விடுதிக் கதவுல டப்பாவைச் செருகாதே.

இன்னொண்ணு. வீட்டு ஆளுங்க நம்பரையும் சேக்கலாம்னு சில கல்லூரியில சொல்லுவான். உங்கம்மை நம்பரைச் சேத்துராதேடா சாமி. அங்கன மத்தியானம்னா இங்கன நடுராத்திரி. அவ எந்திரிச்சு, படிச்சும் படிக்காம, உனக்குத்தான் முதல் போனு அடிப்பா. நீ மேசைக்கு அடியில மூச்சடக்கி ஒளிஞ்சு கிடப்பே. உன் பையிலருந்து விசய் பாட்டு முழு சத்தத்துல கிளம்பும். எடுத்தா, "சாப்பிட்டியா?"ம்பா.