பருவத்துக்கு ஒரு டப்பா

வறண்ட காலத்துக்குக் கெட்டி க்ரீம், மழைக்காலத்துக்கு ஜெல் என்கிறார்கள் அழகுக்கலை நிபுணர்கள். அவர்கள் திருவனந்தபுரத்து ஆரியசாலைக்கு வந்ததில்லை போலும். ஜூன் பிறந்தால் இடவப்பாதி மழை. அது ஓய்ந்து ஈரத்துணி காய்வதற்குள் ஐப்பசியில் துலாவர்ஷ மழை. மிச்ச நாளெல்லாம் வியர்வை. தை மாதம் உதடு லேசாக வெடித்தால் தேங்காயெண்ணெய் போதும்.

போன வாரம் ஒரு நாட்டுமருந்துக் கடையில், “அண்ணாச்சி, கஸ்தூரி மஞ்சள் இருக்கா?” என்றேன்.

“மழைக்கும் வெயிலுக்கும் இதே பொடிதான் சார்!”

பளிச்சென்ற மஞ்சள். அசல் கஸ்தூரி மஞ்சளோ உள்ளே வெளிறிய நிறம், கற்பூர வாசம். பளிச்சிடுவது பெரும்பாலும் மஞ்சக்கூவா என்ற வேறு கிழங்கு.

பருவம் பார்க்காத விஷயம் ஒன்றுண்டு: மேகம் புற ஊதாக் கதிரை முழுதாகத் தடுக்காது. மழைநாளிலும் சன்ஸ்க்ரீன் பூசுங்கள், குடையை மறக்காதீர்கள்.