தோற்றவருக்கும் பந்தியில் இலை

டெண்டரில் தோற்றால் அழக்கூடாது. நல்ல வக்கீலாகப் பிடிக்க வேண்டும். அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன், 1,000 கோடி டாலர் வரை போகக்கூடிய கிளவுட் ஒப்பந்தத்தை 2019-இல் மைக்ரோசாஃப்டுக்குக் கொடுத்தது. அமேசான் வழக்குப் போட்டது. ஆரக்கிள் இன்னும் கெட்டி: 2018-லேயே கோர்ட் படி ஏறிவிட்டது. தோற்கும்வரை காத்திருப்பது சோம்பேறித்தனம் அல்லவா?

2021-இல் ஒப்பந்தமே ரத்து. 2022 டிசம்பரில் புது ஒப்பந்தம், 900 கோடி டாலர் வரை. ஜெயித்தவர், வழக்காடியவர் எல்லோருக்கும் இலை விழுந்தது. இனி டெண்டர் பெட்டியைக் கோர்ட் வாசலிலேயே வைத்துவிடலாம். விலைப்புள்ளியோடு வக்காலத்தும் கட்டாயம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், அலைச்சல் மிச்சம்.

கூகுளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. 2018-இல் கொள்கை பேசிப் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டது. ஒரு வழக்குகூடப் போடவில்லை. நாலாவது இலை அதற்கு.