மோட்டியல்: கோபாலபுரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

நூலுக்குப் பாயிரம் கேட்பது தமிழ் மரபு. ஆகவே இந்நூல் எழுந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற மார்கழியில் ஓரிரவு, பத்தரை மணி இருக்கும். கோபாலபுரத்தில் எங்கள் ஃபிளாட்டின் படுக்கையறையில் படுத்தபடி செல்போனில் கச்சேரி விமர்சனம் படித்துக்கொண்டிருந்தேன். "அந்த டார்ச் லைட்ட அணைச்சுட்டுப் படுங்களேன்" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே. மறுநாள் காலையில் பேத்தி என் போனை வாங்கி இரண்டு தட்டுத் தட்டித் திருப்பித் தந்தாள். திரை முழுக்கக் கறுப்பு, எழுத்து வெள்ளை. "டார்க் மோடு தாத்தா. கண்ணுக்கு நல்லது." பகல் பதினொரு மணிக்கு பால்கனியில் உட்கார்ந்து அதைத் திறந்தால் தெரிந்தது என் முகம் மட்டுமே. அது கண்ணுக்கு நல்லது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆய்வு அங்கே தொடங்கிற்று.

முதலில் கலைச்சொல். கரும்பாங்கு, வெண்பாங்கு என்று வைத்துப் பார்த்தேன். இரண்டாவதைக் கேட்ட புலவர் நண்பர் "ஈற்றடி முச்சீராக வருமா?" என்று விசாரித்ததால் கைவிட்டேன். மேலும் யோசித்தால் மோடு என்பதே நம்மிடம் உள்ள சொல்தான். கூரையின் உச்சியை மோட்டுவளை என்கிறோம். வேலையற்றுப் படுத்து மோட்டுவளையைப் பார்ப்பவன் செய்வதும், படுத்து போனைப் பார்ப்பவன் செய்வதும் ஒரே தொழில் ஆதலின் சொல் முற்றும் பொருந்தும் என்க. மோடு என்றால் வயிறு என்றும் அகராதியில் பொருள் உண்டு. என் மருத்துவர் இதைப் படிக்கக்கூடும் என்பதால் விரிக்கவில்லை.

அடுத்து, கருப்பா கறுப்பா? இடையின ரகரம் போட்டால் பஞ்சம் என்றும் பொருள்படும், கரும்புக்கும் போய் நிற்கும். வல்லின றகரம் போட்டால் தொல்காப்பியர் வருகிறார். கறுப்பு, சிவப்பு ஆகிய இரு சொல்லும் கோபத்தைக் குறிக்கும் என்று உரியியலில் சொன்னவர், நிறத்தைக் குறிக்கவும் உரியன என்று அடுத்தபடியாகச் சேர்த்துக்கொள்கிறார். கறுப்பையும் சிவப்பையும் ஒரே மூச்சில் சொன்னமையால் தொல்காப்பியர் கோபாலபுரத்துக்காரர் என்று துணிவாரும், அதற்குச் சான்றாக ஊர்ப்பெயரைக் கோபம், ஆலபுரம் எனப் பிரித்துக் காட்டுவாரும் உளர். அது பொருந்தாது. கோபாலன் என்பது கண்ணனின் பெயர். கிருஷ்ணன் என்ற வடசொல்லுக்கே கரியவன் என்றுதான் பொருள். ஆகவே சென்னையில் பெயரிலேயே டார்க் மோடு அமைந்த பேட்டை இது. வேறு பேட்டைக்காரர்கள் வழக்குப் போடலாம்.

நான்காம் தெருவுக்கு வந்தால் சான்று இன்னும் வலுக்கிறது. அங்கே வேணுகோபால சுவாமி கோயில். கூப்பிடு தூரத்தில், 1955-இல் வாங்கிய வீட்டில், தமிழகம் நன்கறிந்த கறுப்புக் கண்ணாடி நெடுங்காலம் வசித்தது. கரிய தெய்வமும், தெய்வம் இல்லை என்றவரின் கரிய கண்ணாடியும் ஒரே தெருவில். கலைஞரின் கண்ணாடியைப் பகட்டு என்று நினைத்தவர்கள் அந்நாளில் உண்டு. விபத்தில் அடிபட்டு அறுவை சிகிச்சை கண்ட கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது என்பதே விஷயம். 2017-இல் அந்தக் கண்ணாடியை மாற்றி வேறு போட்டபோது அதுவே பத்திரிகைச் செய்தி ஆயிற்று. இங்கே ஆய்வாளன் கவனிக்க வேண்டியது வேறு. அவர் முரசொலிக்கு எழுதிய தாள் கடைசிவரை வெள்ளைதான். பக்கத்தைக் கறுப்பாக்கவில்லை, கண்ணுக்கு முன்னால் கறுப்பை மாட்டிக்கொண்டார். எந்தச் செயலியின் செட்டிங்ஸிலும் போய்த் தேட வேண்டாம், எல்லாச் செயலியிலும் வேலை செய்யும்.

சென்னைக்கு இது புதிதும் அல்ல. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. ஒரு கண்நோய்க்கே ஊரின் பெயரைக் கொடுத்து 'மெட்ராஸ் ஐ' என்று அழைக்கிற நகரம் இது. அது பரவும் பருவத்தில் பஸ்ஸில் பாதிப் பேர் கூலிங் கிளாஸோடு உட்கார்ந்திருப்பார்கள். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் மீதிப் பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஒட்டுவது பார்வையால் அல்ல, கையாலும் கைக்குட்டையாலும். ஆனாலும் கண்ணாடியை யாரும் கழற்றுவதில்லை.

இனி வரலாறு. எது முந்தியது என்ற கேள்விக்கு ஓலைச்சுவடி சரியான விடை தராது. எழுத்தாணியால் கீறிய ஓலையில் எழுத்து நிறமே இல்லாமல் கிடக்கும். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால்தான் கீறலில் கரி தங்கி எழுத்து எழுந்து நிற்கும். அதாவது நம் முன்னோர் லைட் மோடைக் கையால் தேய்த்து வரவழைத்தனர். கல்வெட்டுக்காரர்கள் நேர்மாறு. ஈரத்தாளைக் கல்லின் மேல் ஒற்றி, பள்ளங்களில் பதியும்படி அடித்து, மேலே மை தட்டி எடுக்கும் மைப்படியில் பின்புலம் கறுத்துவிடும், எழுத்து வெள்ளையாக நிற்கும். கல்வெட்டியல் அறிஞர்கள் பேத்திக்கு முன்பே டார்க் மோடில் படித்தவர்கள்.

என் சொந்த வரலாறும் இதுவே. சிலேட்டில் பலப்பத்தால் தொடங்கினேன், பாதிப் பலப்பம் வயிற்றுக்குப் போனது தனிக்கதை. கறுப்பிலிருந்து வெள்ளை நோட்டுக்கு மாறியதைத்தான் மூன்றாம் வகுப்புக்குப் போவது என்றார்கள். பிறகு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. மறுபடி சிலேட்டுக்கே அனுப்பிவிட்டார்கள் என்று பட்டது. திரை தாளைப் போல வெள்ளையாக இருக்க வேண்டும் என்று நினைத்துச் செய்து பார்த்தவர்கள் ஜெராக்ஸ் நிறுவனத்தார். 1973-இல் அவர்கள் ஆய்வகத்தில் உருவான ஆல்டோ என்ற கணினியின் திரை, தாளை நிமிர்த்தி வைத்தது போல நெட்டுக்குத்தாக நின்றது. வெள்ளைப் பின்புலம், கறுப்பு எழுத்து. 1984-இல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் அதை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. அதே ஆப்பிள் 2018-இல் மேசைக் கணினிக்கும், 2019-இல் ஐபோனுக்கும் டார்க் மோடைப் புதுமை என்று கொடுத்தது. ஆண்ட்ராய்டும் அதே 2019. வாட்ஸ்அப்புக்கு 2020. பேத்தி பிறப்பதற்கு முன்பே நான் கைகழுவிய சிலேட்டு இது.

கண்ணுக்கு நல்லது என்ற கூற்றை ஆராய்வோம். வெள்ளைப் பக்கத்தைப் பார்க்கும்போது கண்மணி சுருங்கும். ஊசித்துளை வழியே பார்ப்பது போல உரு கூர்மையாகும். கறுப்புப் பக்கத்தில் கண்மணி விரியும். சிதறல் பார்வை உள்ளவர்களுக்கு எழுத்தின் விளிம்பு கசிந்து பூத்துப்போகும். ஜெர்மனியில் டியூசல்டார்ஃப் பல்கலைக்கழகத்தில் இளையோரையும் முதியோரையும் உட்காரவைத்துப் பிழைதிருத்தச் சொன்னார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வில் இரு சாராருமே வெள்ளைப் பின்புலத்தில்தான் நன்றாகச் செய்தார்கள். அவர்கள் தமிழில் சோதிக்கவில்லை. சோதித்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். ஓலை கிழியும் என்று புள்ளியே வைக்காமல் எழுதியது ஒரு காலம். டார்க் மோடில் என் கண்ணுக்கு அந்தப் புள்ளி கடலை அளவுக்கு வீங்கி, பக்கத்து எழுத்தின் தலையிலும் ஏறிக்கொள்கிறது. ஒற்றுப்பிழை எங்கே, ஒளிப்பிழை எங்கே என்று பிரிப்பதற்குள் விடிந்துவிடும்.

பேட்டரி மிச்சமாகும் என்பாரும் உளர். ஓஎல்இடி திரை என்றால் சரி, அதில் கறுப்புப் புள்ளி அணைந்தே கிடக்கும். பழைய எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரியும், அங்கே டார்க் மோடு என்பது எரிகிற ட்யூப் லைட்டின் மேல் கறுப்புத் துணி போடுவது. ஓஎல்இடியிலும் சாதாரணமாக வைக்கிற 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் மிச்சம் சராசரியாக 3 முதல் 9 சதவீதம்தான் என்று 2021-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் அளந்து சொன்னார்கள். வெளிச்சத்தை முழுக்க ஏற்றினால் 39 முதல் 47 சதவீதம். அப்படி ஏற்றிவைப்பவர்கள் என்னைப் போலப் பகலில் பால்கனியில் உட்காருபவர்கள், அவர்களுக்குத்தான் அங்கே டார்க் மோடு தெரியாதே.

இவ்வளவு படித்தும் எனக்கு விளங்காதது கோபாலபுரம் விளையாட்டு மைதானத்தில் விளங்கியது. மாலை ஆறு மணி. பையன்கள் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அடிபட்டு அடிபட்டு மயிர் உதிர்ந்து வெளுத்த பந்து. நான் பந்து வீசுகிறவனுக்குப் பின்னால் வெள்ளை வேட்டியோடு நடந்துபோனேன். மட்டையைப் பிடித்திருந்தவன் ஓடிவருகிறவனைக் கையைக் காட்டி நிறுத்தினான். "அங்கிள், கொஞ்சம் நின்னுக்கோங்க. வேட்டில பால் தெரியல."

நின்றேன். சேப்பாக்கத்தில் டெஸ்ட் என்றால் பந்து சிவப்பு, பந்து வீசுபவருக்குப் பின்னால் வைக்கும் சைட் ஸ்கிரீன் வெள்ளை. ஐபிஎல் என்றால் பந்து வெள்ளை, ஸ்கிரீன் கறுப்பு. எந்த நிறம் கண்ணுக்கு நல்லது என்று அங்கே யாரும் விவாதிப்பதில்லை. பந்தைப் பார்த்து ஸ்கிரீனை வைக்கிறார்கள். கோலமும் அப்படித்தான். சாணம் தெளித்த மண்ணில் வெள்ளை மாவு பளிச்சென்று தெரிந்தது. இப்போது எங்கள் ஃபிளாட் வாசலில் வெளிர் நிற டைல்ஸ், மாவுக் கோலம் தெரியவில்லை. ஆகவே காவிப் பின்புலத்தில் வெள்ளைக் கோடு அச்சிட்ட ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார்கள். டைல்ஸுக்கு டார்க் மோடு போட்டது எந்தப் பொறியாளரும் இல்லை, எதிர்வீட்டு மாமி. பேத்தி பார்த்தது என் திரையை. மனைவி பார்த்தது அறையை. அறையில் விளக்கு எரிந்தால் வெள்ளை, அணைந்தால் கறுப்பு, பக்கத்தில் யாராவது தூங்கினால் கறுப்பு மட்டும் போதாது, போனையே அணைக்க வேண்டும். வானத்தில் இது தேய்பிறை, வளர்பிறை என்று தானாகவே நடக்கிறது. போனிலும் 'ஆட்டோ' என்று ஒன்று இருக்கிறது. அதைப் பேத்தி ஏன் தட்டவில்லை என்பது மேலாய்வுக்கு உரியது.

இறுதியாகக் களத்தில் கிடைத்த ஒரு தரவு. போன வாரம் ரயில் டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிரிண்ட் போட ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினேன். இயந்திரம் இருமியது, நின்றது, மறுபடி இருமியது. ஓரம் மட்டும் வெள்ளையாக ஒரு கறுப்புத் தாள் சூடாக வெளியே வந்தது. கடைப்பையன் அதை இரண்டு விரலால் நுனியில் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். "இன்னா சார் இது, நெகட்டிவா?" டிக்கெட் என்றேன். "பத்து டிக்கெட் இப்டி வந்தா டோனர் காலி சார். மோடு மாத்தி அனுப்புங்க." அங்கேயே நின்று மாற்ற முயன்றேன். எங்கே தட்டுவது என்று தெரியவில்லை. பின்னால் நான்கு பேர் ஆதார் கார்டோடு நின்றார்கள். கடைசியில் அவனே என் கையிலிருந்து போனை வாங்கி இரண்டு தட்டுத் தட்டினான்.

தாளைப் போன்ற வெள்ளைத் திரையைச் செய்து பார்த்த நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய கடையில் டார்க் மோடு தோற்றது. மற்ற இடங்களில் வாசகர்கள் விருப்பப்படி நடந்துகொள்ளலாம். ஜெராக்ஸ் கடைக்கு மட்டும் வீட்டிலேயே மாற்றிக்கொண்டு போகவும். கறுப்புத் தாளுக்கும் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டான்.