முடிச்சாச்சுக்காரர்

பூனைத் தெள்ளை ஒழிக்கும் முடிச்சாச்சுக்காரர் தம் வெற்றியை அறிவிப்பது பெரும்பாலும் மூன்றாம் நாள் காலையில். நேரம் ஏழிலிருந்து ஏழரைக்குள். இடம் பால்கனி, அல்லது மாடிப்படி வளைவு. கேட்பவர், ஈரத்துணியைக் கையில் வைத்திருப்பதால் தப்பிக்க வழியில்லாத யாரோ ஒருவர். வாசகம் மாறுவதே இல்லை: "முடிச்சாச்சு மாமி. ஒண்ணு கூட இல்லை." ஒன்பது மணிக்குள் அதே செய்தி குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்விடும், பூனையின் படத்தோடு. படத்தில் பூனை சொறிந்துகொண்டிருக்கும்.

மொட்டைமாடி ஒழுகல், சமையலறைக் குழாய், வருமான வரிக் கணக்கு எல்லாவற்றையும் அவர் இதே சொல்லால்தான் முடித்திருக்கிறார். அவை அவர் பாடு. அவர் வீட்டுக் குழாய் சொட்டினால் அவர் வீட்டில்தான் சொட்டும். தெள்ளுக்குப் படி இறங்கத் தெரியும்.

தாம் முடித்தது எதை என்பதில் அவருக்குத் தெளிவு குறைவு. காலையில் உண்ணி என்பார், மாலையில் பேன் என்பார். உண்ணிக்கு எட்டுக் கால், ஒரே இடத்தில் கவ்விக்கொண்டு ரத்தம் குடித்து உப்பும், குதிக்கத் தெரியாது. பேன் ஊரும், ஈரை மயிரோடு ஒட்டிவைக்கும். தெள்ளு ஆறு கால் உள்ள செம்பழுப்புப் பூச்சி. நீளம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர். இறக்கை கிடையாது. இரண்டு விரலால் பக்கவாட்டில் நசுக்கிவிட்டது போல உடம்பு தட்டையாக இருப்பதால் மயிருக்கு நடுவே மீன் போலப் போகும். பின்னங்காலை உதைத்தால் தன் உடம்பைப் போல் ஐம்பது மடங்குக்கு மேல் தாவும். பூனை மேல் இருப்பதும், அநேகமாக அதே வீட்டு நாய் மேல் இருப்பதும் ஒரே இனம்தான்: பூனைத் தெள்ளு. 1665-இல் லண்டனில் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் கண்ட தெள்ளை, மடித்து விரிக்கும் பெரிய படமாகத் தமது 'மைக்ரோகிராஃபியா' நூலில் அச்சிட்டார். அந்தப் படத்தைக் காட்டினால் முடிச்சாச்சுக்காரர், "நம்ம வீட்டுல இவ்ளோ பெருசு இல்லைங்க" என்பார்.

முதல் முடிச்சாச்சு ஒரு குளியலில் பிறக்கிறது. ஷாம்பூ, வாளி, பழைய துண்டு, கதவைச் சாத்திய குளியலறை, உள்ளே இருந்து இரண்டு குரல். வெளியே வரும்போது பூனை பாதியாகச் சுருங்கியிருக்கும். அவருடைய முன்கையில் நான்கு கோடு. அந்தக் கோடுகளை ஒரு வாரத்துக்கு அரைக்கைச் சட்டை போட்டுக் காட்டுவார். குளியலில் பலன் இல்லை என்று சொல்ல முடியாது. சோப்புத் தண்ணீரில் மூழ்கிய தெள்ளு சாகும். மயிரை விலக்கிப் பார்ப்பார், எதுவும் ஓடாது. மிச்சம் இருந்த ஒன்றிரண்டைப் பூனையே நக்கி விழுங்கியிருக்கும். பூனையின் நாக்கு கரடுமுரடானது. உடம்பில் ஏறிய தெள்ளில் கணிசமான பங்கு அதன் வயிற்றுக்குத்தான் போகிறது. தெள்ளுக்குள் இருக்கும் நாடாப்புழுவும் அந்த வழியாகத்தான் குடலுக்குப் போய்ச் சேரும். வால் அடியில் ஒட்டியிருக்கும் அரிசி மணி போன்ற துணுக்குகள் அந்தப் புழுவின் கண்ணிகள். அவர் அதைத் தட்டில் கிடந்த சோறு என்று தட்டிவிடுவார்.

மூன்றாம் நாள் அவர் சொல்வது பொய்யில்லை. அன்றைக்குப் பூனை மேல் ஒன்று கூட இல்லாமல் இருக்கலாம். தெள்ளின் குடித்தனம் பூனை மேல் மட்டும் நடப்பதில்லை என்பதுதான் விஷயம். ஏறிய பெண் தெள்ளு ரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கும்; நாளுக்கு நாற்பது, ஐம்பது வரை. முட்டை வழவழப்பானது, மயிரில் தங்காது. பூனை படுத்த சோபா, தாவி ஏறிய பீரோ, வெயில் காய்ந்த ஜன்னல் திண்டு என்று எங்கும் பொடி உப்பு தூவியது போல உதிரும். சில நாளில் புழு வெளிவரும். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. சோபா இடுக்குக்குள்ளும் மிதியடிக்கு அடியிலும் நெளிந்து போகும். அங்கே அதற்குச் சாப்பாடு, மேலேயிருந்து உதிரும் தாய் தெள்ளின் கழிவு. அதாவது பூனையின் காய்ந்த ரத்தம். வளர்ந்ததும் பட்டு போல நூல் நூற்றுக் கூட்டுக்குள் அடங்கும். கூடு பிசுபிசுப்பானது, சுற்றியிருக்கும் தூசியை அப்பிக்கொண்டு தூசியோடு தூசியாகிவிடும். ஒரு வீட்டுத் தெள்ளுக் கூட்டத்தில் பூனை மேல் கண்ணில் படுவது நூற்றுக்கு ஐந்துதான், மீதி தொண்ணூற்றைந்தும் தரையில் என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் வழக்கமான கணக்கு. கதகதப்பும் ஈரப்பதமும் சேர்ந்தால் முட்டையிலிருந்து பூச்சி வரை மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். சென்னை போன்ற கடலோர ஊரில் இந்த இரண்டுக்கும் பஞ்சமில்லை.

ஆகவே மூன்றாம் நாள் முடிச்சாச்சு, பதினைந்தாம் நாள் சொறிச்சல். இடைப்பட்ட நாட்களில் அவர் இன்னொரு அறிவிப்புக்குத் தயாராகிவிடுவார். இரண்டாவது முடிச்சாச்சு சாம்பிராணிப் புகை. வேப்பிலையும் போட்டு, ஜன்னலைச் சாத்தி, வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் இருமி, பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்புக்குப் போன் செய்யலாமா என்று யோசித்த பிறகு வெளியாவது. புகை மேலே போகும். புழு கீழே இருக்கிறது. மூன்றாவது, பூச்சி மருந்து அடிக்கும் ஆள். தோளில் சிலிண்டர், முகத்தில் துணி. அவர் நடுக்கூடத்தில் தரை பளபளக்க மருந்து அடித்துவிட்டுப் போவார். சோபாவை நகர்த்தவில்லை, கட்டிலுக்கு அடியில் அடிக்கவில்லை. அடித்திருந்தாலும் கூட்டுக்குள் இருப்பதை மருந்து தொடாது. "ப்ரொஃபஷனலா முடிச்சாச்சு" என்று அந்த ஒரு தடவை மட்டும் வாசகத்தில் ஒரு சொல் கூடியது.

நான்காவது முடிச்சாச்சுதான் இந்த வகையின் உச்சம். பூனையை மாடி வீட்டில் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்குப் போவது. தருக்கம் எளிது: பூனை இல்லை, ஆள் இல்லை, ரத்தம் இல்லை, பட்டினியில் செத்துவிடும். கிளம்புவதற்கு முன்பே குழுவில் செய்தி போட்டுவிடுவார், திரும்பி வந்து போட நேரம் இருக்காது என்பதால். ஒரு வீட்டில், எந்த வீடு என்பது இங்கே வேண்டாம், பதினெட்டு நாள் கழித்துக் கதவு திறக்கப்பட்டது. பெட்டிகளோடு முதலில் நுழைந்தவர் மாமியார். நடுக்கூடத்துக்கு வருவதற்குள் கணுக்காலைத் தட்டத் தொடங்கினார். விளக்கைப் போட்டபோது அவருடைய வெள்ளைச் சேலைக் கரையில் மிளகைத் தூவியது போல இருந்தது. "என்னங்க மாப்பிள்ளை இது" என்று கேட்டார். மாப்பிள்ளையிடம் பதில் இல்லை.

பதில் கூட்டுக்குள் இருந்தது. வளர்ந்து முடித்த தெள்ளு உடனே வெளியே வரவேண்டும் என்று அவசியமில்லை. வெளியே இரை இருப்பதற்கான அடையாளம் தெரியும் வரை, வாரக்கணக்கில், தோதான சூழலில் மாதக்கணக்கில்கூட, கூட்டுக்குள்ளேயே காத்திருக்கும். தரையின் அதிர்வு, மேலே விழும் அழுத்தம், உடம்புச் சூடு, மூச்சில் வரும் கரியமிலவாயு, இவைதான் அதற்கு அழைப்புமணி. பூட்டிய வீட்டில் மணி அடிக்கவில்லை. நான்கு பேர் எட்டுப் பெட்டியோடு நுழைந்தபோது எல்லா மணியும் சேர்ந்து அடித்தன. முடிச்சாச்சுக்காரர் இதை மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்த தெள்ளு என்று குழுவில் எழுதினார். மாடி வீட்டார் பதினெட்டு நாளாக அவருடைய பூனைக்கு மீன் வாங்கிப் போட்டவர்கள்.

இந்த வகையினரின் ஒரு பழக்கத்தை மட்டும் சிரித்துவிட்டுப் போக முடியாது. ஐந்தாவது முடிச்சாச்சுக்காக அவர் நாய் மருந்து வாங்கிவந்தார். கடையில் அதுதான் இருந்தது, விலையும் குறைவு, நாய்க்கு முழுசு என்றால் பூனைக்குப் பாதி என்று கணக்கு. நாய்களுக்கான பல சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனையின் கல்லீரலால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது. சில மணி நேரத்தில் உடம்பு வெடவெடக்கும், வலிப்பு வரும், சாகவும் கூடும். பாதி போட்டாலும் அதே கதைதான். கற்பூரம், நாஃப்தலின் உருண்டை, யூகலிப்டஸ் தைலம், மண்ணெண்ணெய் எதைத் தடவினாலும் பூனை அதை நக்கித்தான் தீரும், எல்லாமே விஷம். சோற்றில் பூண்டு கலந்து கொடுத்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். அந்தப் பூனை பிழைத்ததற்குக் காரணம், அவர் மனைவி அட்டையில் இருந்த நாய்ப் படத்தைப் பார்த்ததும் பாத்திரம் கழுவும் சோப்பால் பூனையை உடனே கழுவி, ஆட்டோவில் மருத்துவரிடம் ஓடியதுதான். அன்றைக்குக் குழுவில் எந்தச் செய்தியும் வரவில்லை.

அன்று மருத்துவர் சொன்னதில் புதுமை எதுவும் கிடையாது, பொறுமைதான் வேண்டும். பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்தை, எடைக்கு ஏற்ற அளவில், பிடரிக்குக் கீழே இரண்டு தோளுக்கு நடுவில், மயிரை விலக்கித் தோலின் மேல் விடவேண்டும். நாக்கு எட்டாத இடம் அது. ஃபிப்ரோனில், இமிடாக்ளோபிரிட், செலாமெக்டின் என்று வகைகள் உண்டு. குட்டியாக இருந்தாலோ சினையாக இருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் எதுவும் விடக்கூடாது. சின்னக் குட்டிக்குத் தெள்ளுக்கடி மிஞ்சினால் ரத்தசோகையே வரும். வீட்டில் எத்தனை பூனை, நாய் உண்டோ அத்தனைக்கும் ஒரே நாளில், அதனதன் மருந்து. மாதம் ஒரு தடவை, குறைந்தது மூன்று மாதம். கூட்டுக்குள் இருப்பவை வெளியே வந்து, மருந்து உள்ள பூனை மேல் ஏறிச் செத்துத் தீர அவ்வளவு காலம் பிடிக்கும். ஆகவே மருந்து விட்ட பின்னும் சில வாரம் தெள்ளு கண்ணில் படும். அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று மாற்றுகிறவர்கள் உண்டு. யார் என்று சொல்லவேண்டியதில்லை.

தரை வேலை அதைவிடப் பெரிது. பூனை படுக்கும் துணியையெல்லாம் வாரம் ஒருமுறை நன்றாகக் கொதித்த வெந்நீரில் துவைத்து வெயிலில் போடவேண்டும். சோபா மெத்தையைத் தூக்கி, இடுக்கு, கட்டிலடி, கதவு மூலை என்று வேக்குவம் க்ளீனர் போடவேண்டும். அது இல்லாத வீட்டில் பெருக்கி ஈரத்துணியால் துடைக்கவேண்டும். வேக்குவம் க்ளீனரின் அதிர்வுக்கே கூட்டிலிருந்து கொஞ்சம் வெளியே வரும். நல்லதுதான், வந்தால்தான் சாகும். அள்ளிய தூசியைப் பையில் கட்டி அன்றைக்கே வெளியே போடவேண்டும். இந்த வேலை எல்லாவற்றையும் செய்தவர் அவர் மனைவி. பன்னிரண்டு வாரம் செய்தார். ஒரு வார்த்தை அறிவிக்கவில்லை.

அவரை முழுக்கக் கைவிடவும் முடியாது. இரவு ஒன்பதரைக்குச் செய்தி முடிந்ததும் தரையில் ஜமுக்காளம் விரித்து, பூனையை மடியில் போட்டு, மகளின் பழைய பேன்சீப்பால் வாரத் தொடங்குவார். பக்கத்தில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணம். கழுத்தடி, வால் அடி, தொடை இடுக்கு என்று வரிசை தப்பாது. சீப்பில் வந்த கறுப்புத் துகளை ஈரப் பஞ்சில் வைப்பார். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு, கரையாவிட்டால் வெறும் மண். பஞ்சை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்து, பூனையிடம் மட்டும் கேட்கும் குரலில், "இன்னும் ரெண்டு இருக்குடி கண்ணு" என்பார். உண்மையான கணக்கு அவரிடம் இருக்கத்தான் செய்கிறது. அது பால்கனிக்கு வருவதில்லை.

மூன்றாம் மாதம் ஒருநாள் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது, மறுநாளும் அப்படியே. வாரம் முழுக்க அப்படியே. அந்த வாரத்தில் அவர் எதையும் அறிவிக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பாசியை முடித்துக்கொண்டிருந்தார். சமையலறைக் காலண்டரில் அடுத்த மருந்துக்கான தேதி வட்டமிடப்பட்டிருக்கிறது. கையெழுத்து அவருடையது இல்லை.

அந்த வட்டம் போடும் கை இல்லாத வீடுகளில் முடிச்சாச்சு என்று கேட்டுவிட்டு உள்ளே போகிறவர்கள், முழங்கால் வரை வெள்ளைச் சாக்ஸ் போட்டுக்கொண்டு போகலாம். ஏறினால் கண்ணுக்குத் தெரியும்.