நார்வேஜியத் தொகைச்சொற்களில் மூச்சுவிடும் இடம்: ஓர் அசையியல் ஆய்வு

1. ஆய்வின் தேவை

நார்வேஜிய மொழியில் பெயரோடு பெயரை இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டே போகலாம்; தடுப்பார் இல்லை. அப்படிப் பிறக்கும் சொற்களை எங்கே மூச்சுவிட்டுச் சொல்வது என்பதை அறிஞர் உலகம் கண்டுகொள்ளாதது பெருங்குறை (சான்று: இக்கட்டுரை, இதே வரி).

2. முன்னாய்வுகள்

இருக்கலாம்.

3. வகைப்பாடு

அ. குறுந்தொகை: சிக்கல் இல்லை. சங்க இலக்கியத்தோடு தொடர்பும் இல்லை. வேண்டுமென்றால் நிறுவித்தர நம்மிடம் ஆள் உண்டு.

ஆ. ஸகரத்தொகை: மதுக்கோப்பை 'வீன்கிளாஸ்'. அதுவே செம்மதுக்கோப்பையானால் 'ரோவீன்ஸ்கிளாஸ்'. முன்னுறுப்பே ஒரு தொகையாகிவிட்டால் நடுவில் 'ஸ்' முளைப்பதுண்டு என்க.

இ. புள்ளித்தொகை: 'ஆங்ஸ்ட்ஸ்க்ரீக்' என்றால் பீதியில் எழும் அலறல். வரிசையாக ஐந்து புள்ளி. 'வாழ்க்கை'யில் இரண்டு புள்ளிக்கே பெருமைப்படும் நமக்கு இது அதிகம். எட்வர்ட் மூங்க் 1893-இல் வரைந்த ஓவியம் அங்கே 'ஸ்க்ரீக்' என்று மட்டுமே வழங்குகிறது. 'ஆங்ஸ்ட்'டும் சேர்ந்திருந்தால், பெயரைச் சொல்லிப் பார்க்கும் தமிழர் முகமும் ஓவியத்தில் உள்ள முகமும் ஒன்றாகியிருக்கும் (இவ்வாசிரியரின் அச்சேறாத நூல், திருத்திய இரண்டாம் பதிப்பு).

ஈ. நெடுந்தொகை: 'மினோரிதேத்ஸ்லாத்னிங்ஸ்பேரர்டிஃபுஷூன்ஸ்கோஎஃபிசியென்ட்மோலிங்ஸ்அப்பரதூர்'. நார்வேஜிய எழுத்தில் எழுதினால் 60 எழுத்து, 22 அசை, 7 உறுப்பு, இடையிடையே ஒட்டுப்போட 4 'ஸ்'. சிறுபான்மை மின்னூட்டத் தாங்கிகளின் விரவல் குணகத்தை அளக்கும் கருவி என்பது பொருள். தலைமை அழுத்தம் நான்காம் அசையாகிய 'தேத்' மேல் விழுகிறது; அப்புறம் 18 அசையும் இறக்கம்தான். ஏறியவன் இறங்கித்தான் ஆகவேண்டும். நடுவழியில் மூச்சு வாங்க இடமில்லை. ஆனால் வாயில் வராத இச்சொல்லால் இதுவரை யாருக்கும் கேடு இல்லை.

உ. உடைதொகை: கேடு முழுதும் இங்கேதான். 'தூன்ஃபிஸ்க்பீத்தர்' சூரை மீன் துண்டுகள். கடைக்காரர் நடுவே ஓர் இடைவெளி விட்டு எழுதினால் 'சூரை மீன் கடிக்கிறது'. 'லம்மெகோத்தலெத்தர்' ஆட்டுக்குட்டி இறைச்சித் துண்டு. பிரித்தால் பக்கவாதம் வந்த இறைச்சித் துண்டு. 'ஆனானாஸ்ரிங்கர்' அன்னாசி வளையம். பிரித்தால் அன்னாசி போன் போடுகிறது. 'ரொய்க்ஃப்ரித்' புகைக்கத் தடை உள்ள இடம். பிரித்தால் 'தாராளமாகப் புகைக்கலாம்'. ஒட்டிச் சொன்னால் தலைமை அழுத்தம் ஒன்று, முன்னுறுப்பின் மேல்; பிரித்தால் இரண்டாம் சொல்லுக்கும் தனி அழுத்தம் வந்துவிடும். ஆகவே காது ஏமாறுவதில்லை, பலகை படிக்கும் கண்தான் ஏமாறுகிறது. (இதை மறுத்து வெளிவராத நூலுக்கு, இவ்வாசிரியரே புனைபெயரில் எழுதிய மதிப்புரையின் அடிக்குறிப்பைக் காண்க, அப்பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டதால், கறையானைக் காண்க.)

இப்படிச் சொல்லை உடைப்பதை எதிர்த்து நார்வேயில் குரல் கொடுக்கக் கிளம்பிய குழுக்களில் ஒன்று வானியலாளருடையது. பெயரே 'சொற்பிரிப்புக்கு எதிரான வானியலாளர்'. மொழியறிஞர் நீளமான சொல் எது என்று எழுத்தெண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், விண்மீன் பார்ப்பவர்தான் குனிந்து மீன் கடைப் பலகையைப் படித்திருக்கிறார்.

4. முடிபு

தொகைச்சொல்லில் மூச்சுவிடக் கூடாது. விட்டால் மீன் கடிக்கும்.

5. மேலாய்வு

இத்துறையில் ஆய்வு இடைவெளி உண்டா என்று நல்கைக் குழுவினர் கேட்கின்றனர். இடைவெளியே கூடாது என்பதுதானே இவ்வாய்வின் முடிபு? எனவே நல்கைத் தொகையையும் உடைக்காமல், ஒரே தவணையாகத் தருக.